அடையாறில் ஆவணி பிறக்கவில்லை

காலையிலிருந்து தி.நகர் ஆபீஸ் டெலிபோன் அடையாறு ஆபீஸ் டெலிபோனோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. தி.நகர் வைத்த மறு நிமிஷம் அடையாறு கூப்பிட்டது. அடையாறு வைத்தால் தி.நகர் கூப்பிட்டது. கல்யாணம் நிச்சயமான பிள்ளைகள்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் அந்த இரண்டு ஆபீஸுக்கும் முதலாளிகளான அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிப் பல வருஷமாகிவிட்டது.

பேசியது அவர்கள் இல்லை கண்ணுகளா, அவர்களுடைய கம்ப்யூட்டர்கள். அந்தப் பேச்சிலும் சாரம் ஒன்றும் கிடையாது. இது கொடுத்த கடிதத்தை அது இதற்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் மதுமதி.

மதுமதி அந்தக் குடும்பத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. கம்ப்யூட்டர் படித்துவிட்டு நங்கநல்லூரில் அக்கா வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தவளை, "நம்ம பிள்ள எவன்ட்டயோ போய்க் கைகட்டி நிக்கணுமாக்கும்?" என்று அழைத்து வைத்துக்கொண்டார்கள். நம்மிடமே நிற்கட்டும் என்பது சொல்லாமல் விட்ட மீதி. பெரியவர் வெள்ளைச்சாமி அவளுக்குப் பெரிய மாமா, இளையவர் பொன்ராஜ் சின்ன மாமா. சொந்தக்காரியாகப் போனதால் "மாட்டேன்" என்கிற வார்த்தை அவள் வாயில் வரவே கூடாது.

உஸ்மான் ரோட்டிலிருந்து திரும்புகிற ஒரு சந்தில் சுயம்புலிங்கம் ஜவுளி மாளிகை இருந்தது. சுயம்புலிங்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். சீரியல் பல்பு மாட்டிய படத்துக்குள்ளிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை பெரியவர் கையில். ஏற்றுமதி சின்னவர் கையில். அதற்கு அடையாறில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ், கிண்டியில் ஒரு தையல் யூனிட். லாபத்தில் மட்டும் இருவருக்கும் பங்கு உண்டு. லாபத்துக்குப் பேச்சுவார்த்தை தேவையில்லை அல்லவா.

மெட்ராஸ் என்ற பெயர் போய், போர்டுகளிலெல்லாம் சென்னை என்று மாறிக்கொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டுக்காரர்கள் கடிதமும் பேக்ஸும் வேண்டாம், இ-மெயில் அனுப்புங்கள் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். மதுமதிதான் தி.நகரில் ஒரு சர்வர், அடையாறில் ஒரு சர்வர் என்று வைத்துக் கொடுத்தாள். சர்வர் என்றதும் பயந்துவிட வேண்டாம். தபால் பிரிக்கிற கம்ப்யூட்டர், அவ்வளவுதான். வெளியுலகத்திலிருந்து வருகிற மெயிலெல்லாம் இன்டர்நெட் கம்பெனிக்காரனிடம் காத்திருக்கும். தி.நகர் சர்வர் அவனுக்குப் போன் போட்டு மொத்தத்தையும் அள்ளி வரும். கடைக்கு உள்ளதை வைத்துக்கொண்டு, அடையாறுக்கு உள்ளதை அடையாறு சர்வருக்குப் போன் போட்டுக் கொடுத்துவிடும். அடையாறிலிருந்து வெளியே போகிற மெயிலும் அதே வழிதான்: முதலில் தி.நகர், பிறகு உலகம்.

இது பொன்ராஜுக்குத் தெரிய வந்த நாளோடு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"எனக்கு வாற லெட்டரு, அவன் வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் எங்கிட்ட வரணுமோ?"

"அப்படியில்ல சின்ன மாமா. கம்பெனிக்கு ஒரு பேருதான இருக்கு? அந்தப் பேருக்கு வர்றதை ஒரு வாசல்லதான் குடுப்பாங்க. வேணும்னா உங்களுக்குத் தனியா ஒரு பேரு வாங்கிருவோம்."

"அப்பா பேரை விட்டுட்டு நான் தெருவுல நிக்கணுமா? அவன் வேணா மாத்திக்கிடட்டும்."

பெரியவரிடம் போய்க் கேட்டாள். "மூத்தவன் நான் இருக்கும்போது அப்பா பேரு அவனுக்குப் போவுமா? நல்லாருக்கே நீ சொல்லுத நியாயம்" என்றார் அவர்.

இந்தச் சண்டைக்கு வேர் சென்னையில் இல்லை. அவர்கள் ஊர் சாஸ்தா கோயிலில், பங்குனி உத்திரத்தன்று முதல் திருநீறு யார் கைக்குப் போவது என்பதில் இருந்தது. ஒரு வருஷம் அண்ணனுடைய முறை. பூசாரி ஏதோ ஞாபகத்தில் தட்டைத் தம்பியிடம் நீட்டிவிட்டார்; தம்பியும் எடுத்துப் பூசிக்கொண்டார். சாமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு வேட்டி கிழிந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு வருஷம் அண்ணன், மறு வருஷம் தம்பி. அடுத்தவன் முறையில் எவன் கை நீட்டுகிறானோ, அவன் தன்னுடைய முறையை மூன்று தடவை இழப்பான்.

அந்தத் தீர்ப்பை அப்படியே கழற்றிக் கொண்டுவந்து சர்வருக்கு மாட்டினார்கள். ஒரு மாதம் தி.நகர் வாசல், மறு மாதம் அடையாறு வாசல். யாருடைய மாதமோ அவருடைய சர்வர்தான் இன்டர்நெட்டுக்குப் போன் போடும். மற்றது அதனிடம் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். தவறிப் போய் முறை இல்லாத நாளில் எவனாவது இன்டர்நெட்டைத் தொட்டால் மூன்று முறை போச்சு. ஒருவரையொருவர் பார்க்காமலே, வக்கீலை நடுவில் வைத்து, இதை முடிவு செய்தார்கள். வக்கீலுக்குக் கடைசிவரை இது கோயில் விவகாரம் என்றுதான் எண்ணம்.

"மாசம்னா இங்கிலீஷ் மாசம் வச்சுக்கலாமா பெரிய மாமா? கம்ப்யூட்டர்ல அதுதான் லேசு" என்று மதுமதி கேட்டுப் பார்த்தாள்.

"வெள்ளக்காரன் மாசத்துல நல்ல நேரம் எங்களா இருக்கு? தமிழ் மாசம் ஒண்ணாந்தேதி. ராகுகாலம் கழிச்சு, எலுமிச்சம்பழம் வச்சு மாத்து."

சரியென்று தலையாட்டினாள். அவள் செய்த தப்பு அதுதான். வைகாசி, ஆனி, ஆடி என்று மூன்று மாதம் எலுமிச்சம்பழமும் சந்தனமுமாகச் சர்வர்கள் ஒழுங்காக முறை மாறிக்கொண்டன. பெரியவர் பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கம், சின்னவருக்கு அடையாறில் வாய்த்த ஜோசியர் பார்ப்பது திருக்கணிதப் பஞ்சாங்கம் என்பது மதுமதிக்கு எப்படித் தெரியும்? ஒன்றில் பொழுது சாய்வதற்கு முன்னால் மாதம் பிறந்தால் அன்றே ஒன்றாம் தேதி. இன்னொன்றில் பொழுது சாய்ந்த பிறகு பிறந்தால் மறுநாள்தான் ஒன்றாம் தேதி. எல்லா மாதமும் இப்படி ஆவதில்லை. ஆவணிக்கு ஆயிற்று.

வெள்ளிக்கிழமை. பெரியவர் குளித்து, திருநீறு பூசி, கடைக்கு வந்ததும் மதுமதியைக் கூப்பிட்டார். "ஏ மதி, ஆவணி பொறந்துட்டு. பத்தரைக்கு ராகுகாலம் வந்துரும், அதுக்கு முன்ன நம்ம முறையைக் கைமாத்தி வுடு." அவள் மாற்றினாள். இனி தி.நகர் சர்வர் இன்டர்நெட்டைத் தொடாது. எல்லாவற்றையும் அடையாறிடம் தள்ளிவிடும். பெரியவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கம்ப்யூட்டர் திரைமேல் போட்டு மூடினார். "நடை சாத்தியாச்சு. ஒரு மாசத்துக்கு எவனும் இதுல கை வைக்கப்படாது."

அடையாறுக்கும் சொல்லிவிடலாம் என்று போன் செய்தாள். எங்கேஜ்ட். கொஞ்சம் கழித்துச் செய்தாள். எங்கேஜ்ட். ஆடித் தள்ளுபடியில் விட்டதைப் பிடிக்க வந்த கூட்டம் கடையில் நெரிந்தது. அவளையும் பில் போட இழுத்துவிட்டார்கள். அதோடு மறந்தாள்.

ஞாபகப்படுத்த வந்தவள் குல்சும். கிண்டி யூனிட்டுக்கு மேஸ்திரி மாதிரி, திருவல்லிக்கேணிக்காரி. நாற்பது பெண்களை வைத்துத் தைத்து வாங்குகிறவள். போன் கிடைக்காமல் பஸ் பிடித்தே வந்துவிட்டாள். கூட்டத்துக்குள் நீச்சலடித்து ஆபீஸ் அறைக்குள் நுழைந்து, முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"இன்னா மதி, உங்க போனுக்கு இன்னா நோவு? காலையிலேந்து அடிக்கிறேன், கொய்ங் கொய்ங்னுது. ஜெர்மன்காரம்மாவுக்குப் பதில் போச்சா இல்லையா?"

மதுமதிக்கு அப்போதுதான் காலையில் கிடைக்காமல் போன அடையாறு போன் ஞாபகம் வந்தது.

ஜெர்மன்காரம்மா ஹாம்பர்க்கில் குழந்தைத் துணி விற்கிறவள். போன வருஷம் வந்து கிண்டி யூனிட்டைப் பார்த்து, குல்சுமின் தோளில் கைபோட்டுப் போட்டோவெல்லாம் எடுத்துக்கொண்டு போனவள். புது ஆர்டரைப் பற்றி அவளுடைய மெயில் நேற்றுத்தான் வந்திருந்தது. துணியின் கலர் படத்தோடு சம்மதம் என்று வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எழுதாவிட்டால் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவேன் என்று. அவள் ஊர் மத்தியானம் என்றால் நமக்கு மூன்றரை மணி. கிண்டியில் போன ஆர்டர் முடிந்து மெஷின்களெல்லாம் சும்மா கிடந்தன. இதுவும் போனால் யூனிட்டை மூடிவிடுவது என்று வக்கீல் மூலமாக முடிவாகியிருந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே பேச்சில் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

மதுமதி ஓரமாகத் துண்டைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். பொன்ராஜ் காலையிலேயே பதில் எழுதிவிட்டார், பாவம். அடையாறு சர்வர் அதைத் தி.நகரிடம் கொடுத்திருந்தது. தி.நகர் அதை அடையாறிடம் திருப்பிக் கொடுத்திருந்தது. அடையாறு மறுபடி தி.நகரிடம். கை மாறும் ஒவ்வொரு தடவையும் கடிதத்தின் தலையில் ஒரு முத்திரை விழும். விழுந்து விழுந்து, உள்ளே இருந்த விஷயத்தைவிட முத்திரை நீளமாகிவிட்டது. உலகத்துக்குப் போகிற வாசலை இரண்டு பேரும் சாத்திவிட்டு, நடுவிலிருக்கிற ஜன்னல் வழியாக ஒருவர் கையில் ஒருவர் திணித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்டியே சுத்தினா?" என்றாள் குல்சும்.

"ஒரு அளவுக்கு மேல சுத்தினா வேண்டாம்னு தூக்கிப் போட்டுரும் அக்கா."

"எத்தை? லெட்டரையா, ஆர்டரையா?"

மதுமதி பெரிய மாமாவிடம் ஓடினாள். அவர் பட்டுப் பிரிவில், கல்லா மேசைக்குப் பின்னால், இலை விரித்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு அப்பளத்தை முடித்தார்.

"இப்ப என்ன செய்யணும்ங்கே?"

"ஒரு அஞ்சு நிமிஷம் நம்ம சர்வர் இன்டர்நெட்டுக்குப் போன் போடட்டும் மாமா. அந்த ஒரு லெட்டர் போயிரும்."

"அடிப்பாவி. ஆவணி அவன் முறை. இன்னைக்கு நான் தொட்டேம்னு வையி, நாளைக்கே ஊர்ல போய் நிப்பான். மூணு முறை போயிரும்ளா. அதுல ஒண்ணு தை மாசம்!"

"நாப்பது பொம்பளைங்க வேலை மாமா."

"அதுக்குத்தாஞ் சொல்லுதேன், அவனைச் செய்யச் சொல்லு. அவன் முறையில நான் குறுக்க விழுத ஆளா? எங்கிட்ட ஒரு நேர்மை இருக்கு பாத்துக்கோ." நேர்மைக்குத் தொட்டுக்கொள்ள இன்னொரு அப்பளம் கேட்டார்.

ஆட்டோ பிடித்து இரண்டு பெண்களும் அடையாறு போனார்கள். பொன்ராஜ் ஏர்கண்டிஷன் அறையில் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். சர்வர் அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில்.

"ஆவணியா? யாரு சொன்னா?" என்றார். "இன்னைக்குத்தான் ஆடி கடைசி. நாளைக்கு எட்டு மணிக்கு மேலதான் எனக்கு முறை. பட்டர் வாறாரு, தேங்காய் வாங்கியாச்சு."

"பெரிய மாமா காலையிலயே கைமாத்திட்டாங்க."

"மாத்துவான். ஏன் மாத்த மாட்டான்? இன்னைக்கே நான் கை நீட்டி வாங்கணும், அவன் முறையில நான் பூந்துட்டேம்னு ஊர்ல சொல்லணும். மூணு முறையையும் முழுங்கணும். எனக்குத் தெரியாதாக்கும், அவன்கூடப் பொறந்தவன் நான்!"

குல்சும் இவ்வளவு நேரம் பொறுத்ததே பெரிது. "சின்ன முதலாளி, அங்க ஆவணி, இங்க ஆடி. நடுவுல கோட்டூர்புரம் பாலத்துல இன்னா மாசம்னு சொல்லுங்கோ, அங்க நின்னுக்கினு அனுப்பிடறோம்."

பொன்ராஜுக்கு அது காதில் விழவில்லை. முதலாளிமார் காதுக்கு அந்த வசதி உண்டு. தன் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கடிதத்தையும் படங்களையும் ஒரு பிளாப்பியில் எடுத்து மதுமதி கையில் கொடுத்தார். "இதை வச்சுக்கோ. நான் காலையிலயே எழுதி முடிச்சுட்டேன், அண்ணன்தான் அனுப்பல. நாளைக்கு ஊர்ல பேச்சு வந்தா காட்டணும்லா."

நாற்பது பேருடைய பிழைப்பு அவருக்குச் சாட்சியாகத்தான் தெரிந்தது. மதுமதி பிளாப்பியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. குல்சும் நடைபாதையில் உட்கார்ந்தே விட்டாள். "பேக்ஸு?"

"அந்தம்மா பேக்ஸே வேணாம்னுட்டாங்க அக்கா. அனுப்பினாலும் ரோஸ் கவுன் அங்க கரிக்கட்டையாத்தான் போய் நிக்கும். கலர் தெரியணும்."

"அப்போ என் பொண்ணுங்களுக்கு நான் இன்னா சொல்றது? ஆவணி பொறக்கலன்னா?"

அதைச் சொல்லும்போது குல்சுமின் குரல் உடைந்தது. வாய்க்கு வாய் கேலி பேசுகிறவள் உடைந்தால் பார்க்கச் சகிக்காது. மதுமதி அவளைக் கையைப் பிடித்து எழுப்பினாள். பைக்குள் பிளாப்பி தட்டுப்பட்டது. இரண்டு மாமாக்களின் வாசலையும் விட்டால் உலகத்துக்கு வேறு வாசலே இல்லையா என்ன?

"அக்கா, வாங்க. மயிலாப்பூர் போவோம்."

"இன்னாத்துக்கு, கபாலி கோயில்ல வேண்டிக்கவா?"

"பக்கத்துல."

மாடவீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்து. பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற வேதாந்தம் என்பவர் தன் வீட்டுக் கூடத்தில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டுப் பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டியிருந்தார். இவர்கள் போய்ச் சேரும்போது மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் இரண்டும் சும்மாத்தான் இருந்தன. வேதாந்தமும் சும்மாத்தான் இருந்தார். வேலையாக இருந்தது டெலிபோன் ஒன்றுதான். ஊஞ்சலில் உட்கார்ந்து அதைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி காமாக்ஷி.

"ஒரு பத்து நிமிஷம் உக்காருங்கோ" என்றார் வேதாந்தம் சன்னக் குரலில். "லைன் ஒண்ணுதான். மாமி அவ தங்கைகிட்டப் பேசிண்டிருக்கா. நிச்சயதார்த்தத்துல பட்சணம் சரியில்லையாம்."

"மாமா, மூணரைக்குள்ள ஒரு மெயில் போகணும்."

"என்னைக் கேட்டா? அந்த ஊஞ்சலைக் கேளு."

இன்னொரு எங்கேஜ்ட் டெலிபோன். குல்சுமுக்குப் பொறுக்கவில்லை. நேரே ஊஞ்சலுக்கு எதிரில் போய் நின்றாள். "மாமி, அண்ணன் தம்பி ரெண்டு பேரு சண்டை போட்டுக்கினு, ஒருத்தன் ஆவணின்றான், ஒருத்தன் ஆடின்றான். நடுவுல எங்க நாப்பது பேரு பொழப்பு நாறிக்கினு கீது. அந்தப் போனைக் கொஞ்சம் வச்சேன்னா…"

காமாக்ஷியின் கண் விரிந்தது. "ஏண்டீ, அப்புறம் கூப்பிடறேன்" என்று தங்கையைப் பட்சணத்தோடு அந்தரத்தில் விட்டாள். "அண்ணா தம்பி சண்டையா? முன்னாடியே சொல்லப்படாதோ! உக்காருங்கோ. எந்த அண்ணா? எந்தத் தம்பி? சொத்தா, பொண்டாட்டிமாரா?"

மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி, கரகரத்து, ஒருவழியாக இன்டர்நெட் வந்தது. ஓசியில் இ-மெயில் முகவரி கொடுக்கிற பக்கத்தைத் திறந்தாள் மதுமதி. பெயர் என்று கேட்டது. தன் பெயரை அடிக்கப் போனவள் விரலை எடுத்தாள். இவள் பெயரில் போனால் என்ன ஆகும் என்று கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. இரண்டு மாமாவும் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். முறைக்காரன் இரண்டு பேர் இருக்கும்போது மூன்றாவதாக ஒருத்தி, அதுவும் பெண்பிள்ளை, தட்டில் கை வைத்தாள் என்று.

"அக்கா, உங்க பேர்ல போடட்டா?"

"எங்கப்பா ஒரு லெட்டர் போட்டதில்ல எம்பேருக்கு. போடு."

முகவரி குல்சும் பெயரில் பிறந்தது. பிளாப்பியிலிருந்து கடிதத்தை எடுத்து, கீழே இரண்டு வரி சேர்த்தாள் மதுமதி: கம்பெனி லைன் இன்று சரியில்லை, கிண்டியிலிருந்து குல்சும் எழுதுகிறேன், நீங்கள் வந்தபோது என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டீர்கள். படங்களைச் சேர்த்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் வேதாந்தம். "மூணு மணி ஆயிடுத்து. எமகண்டம். நாலரைக்கு மேல அனுப்பினா…"

"மாமா" என்றாள் குல்சும், "ஜெர்மனில எமகண்டம் எத்தினி மணிக்கு?"

வேதாந்தம் யோசித்தார். அவருக்கும் அது ஒரு நியாயமான கேள்வியாகவே பட்டது. அவர் யோசித்து முடிப்பதற்குள் மதுமதி அனுப்புகிற பொத்தானை அழுத்திவிட்டாள்.

படங்கள் பெரியவை. லைன் இழுத்தது. திரையில் ஒரு நீலக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது, பாதியில் நின்றது, மறுபடி ஊர்ந்தது. மூன்று பெண்களும் ஒரு ஆணும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடையில் காமாக்ஷிக்குக் கதை பாதிக்கு மேல் தெரிந்துவிட்டது. தெரிந்ததை வைத்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தங்கைக்குச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கை தானாக ரிசீவர் பக்கம் போனது. எடுத்தால் லைன் அறுந்துவிடும்.

"மாமி!" குல்சும் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவே இல்லை. கோடு கடைசி முனையைத் தொடுகிற வரைக்கும் கையைப் பிடித்தபடியே நின்றாள். காமாக்ஷியும் உருவிக்கொள்ளவில்லை.

போய்விட்டது என்று திரை சொன்னது. யாரும் அதை நம்பவில்லை. காலையிலிருந்து போய்விட்டது என்று சொல்லாத சர்வரா? உட்கார்ந்தே இருந்தார்கள். மாமி காபி கொடுத்தாள். காபி ஆறுவதற்குள் பதில் வந்தது. மதுமதி படித்துச் சொன்னாள். "அன்புள்ள குல்சும், நேரத்துக்கு எழுதினாய், நன்றி. ஆர்டர் உங்களுக்குத்தான். அந்த மஞ்சள் கவுனுக்கு மட்டும் பட்டன் வேண்டாம், நாடா வை."

"எம்பேரா போட்டுக்கீது?" என்றாள் குல்சும்.

"உங்க பேருதான் அக்கா."

"இன்னொரு தபா படி."

மூன்று தபா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் என்றாள்.

சாயங்காலம் மதுமதி பயந்துகொண்டேதான் பெரிய மாமாவிடம் போனாள். ஆர்டர் உறுதியாகிவிட்டது என்று சொன்னாள். அவர் முகம் மலரவில்லை, கறுத்தது.

"எப்படிப் போச்சு? தம்பி அனுப்பினானா?"

"இல்ல மாமா."

"அடையாறு வழியாப் போகலல்லா?"

"போகல."

"சத்தியமா?"

"சத்தியமா மாமா. வெளியிலேருந்து அனுப்பினேன்."

பெரியவர் மூச்சை விட்டார். "அப்பச் சரி" என்றார். யார் பெயரில் அனுப்பினாள், எங்கிருந்து அனுப்பினாள், ஜெர்மன்காரி என்ன சொன்னாள், ஒன்றும் கேட்கவில்லை. துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தவர், "கிண்டியில வேலை நடக்கும்லா?" என்று போகிற போக்கில் கேட்டார்.

அடையாறுக்குப் போன் கிடைக்காததால் மறுநாள் நேரில் போய்ச் சொன்னாள். பட்டர் தேங்காய் உடைத்து, சர்வருக்குக் கற்பூரம் காட்டி, அடையாறிலும் ஒருவழியாக ஆவணியைப் பிறக்கவைத்துக்கொண்டிருந்தார். பொன்ராஜ் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே கேட்டார்.

"அண்ணன் வாசல் வழியாப் போச்சா?"

"இல்ல சின்ன மாமா."

"அப்பச் சரி. அந்த பிளாப்பியைப் பத்திரமா வையி."

கூடப் பிறந்தவர்கள்தான். சந்தேகமே இல்லை.

அந்த ஆர்டர் கிண்டியில் தைத்துக் கப்பல் ஏறியது. அடுத்த ஆர்டருக்கு ஜெர்மன்காரம்மா கம்பெனிக்கும் எழுதிப் பார்த்தாள். அது மார்கழிப் பிறப்பில் மாட்டிக்கொண்டது. அந்த மாதமும் இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகவில்லை. பிறகு அவள் குல்சுமுக்கே எழுதினாள். கம்பெனிக்கு எழுதினால் பதில் வர மாதம் பிறக்க வேண்டியிருக்கிறது, இனி உனக்கே எழுதுகிறேன், முடியுமா என்று. முடியும் என்று பதில் போனது, மாமி வீட்டுக் கூடத்திலிருந்து, மாமி டெலிபோனை வைத்த பிறகு. கிண்டியிலேயே ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தாள் குல்சும். நாற்பது பேரும் அங்கே போனார்கள். மதுமதியும் போனாள். "சொந்தத்தை விட்டுட்டுப் போறியே" என்று இரண்டு மாமாவும் தனித்தனியாக வருத்தப்பட்டார்கள். "அவன்ட்டயா போற?" என்றும் தனித்தனியாகக் கேட்டார்கள். இல்லை என்றதும் இருவருக்கும் மனம் ஆறிவிட்டது.

புது ஷெட்டில் இடம் இருந்தது, வேலை இருந்தது, மெஷின்தான் போதவில்லை. பழைய யூனிட்டில் மெஷின்கள் துணி மூடிக் கிடந்தன. அவற்றை விலைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டு, மரியாதையாக, இரண்டு முதலாளிகள் பெயரையும் போட்டு, மதுமதி ஒரு மெயில் எழுதினாள். எந்தப் பெயரை முதலில் போடுவது என்று யோசித்து, இரண்டையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். அப்படியும் இடதுபக்கம் ஒருவர் வரத்தான் செய்தார்.

ஒரு வாரமாகியும் பதில் இல்லை. மெஷினுக்காகப் பெண்கள் முறை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"போன் போட்டுப் பாருங்க அக்கா" என்றாள் மதுமதி.

குல்சும் தி.நகருக்குப் போட்டாள். கொய்ங் கொய்ங். கேட்டாள். வைத்தாள். அடையாறுக்குப் போட்டாள். கேட்டாள்.

"என்னவாம்?"

"பேசிக்கினு கீறாங்கோ" என்று ரிசீவரை வைத்துவிட்டு, மெஷினில் அடுத்தவளை உட்காரச் சொன்னாள் குல்சும்.